இது அந்தப் படம் இல்ல

கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன ரிமோட் பேட்டரியைத் தேடி அவன் தரையில் குப்புறப் படுத்திருந்தான். மேலே அப்பா இருமி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

"இது அந்தப் படம் இல்லடா."

"இதுதான்ப்பா. சுமை தூக்குறவன் துறைமுகத்துல பெட்டி மேல ஏறி ஆடுறான். மஞ்சள் கவுன் போட்ட பொண்ணு நிக்கிறா. நீங்க சொன்ன அதே பாட்டு."

"பாட்டு அதுதான். படம் அது இல்ல. எவனோ அதைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கான்."

ரிமோட்டை எறிந்தது அப்பாதான். தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியாத கைக்கு அதற்கு மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்திருந்தது. பேட்டரி தூசிக்குள் கிடந்தது. அவன் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அறை வாசலில் அக்கா நின்றாள். தோளில் ஈரத்துண்டு. கையில் அப்பாவின் சட்டைகள்.

"கேட்டல்ல? காலையிலேருந்து இதையேதான் சொல்லிட்டிருக்காரு."

"பிடிக்கலன்னு சொல்றாரு. அதுக்குப் புத்தி போயிருச்சுன்னு அர்த்தமா?"

"கண்ணு முன்னாடி ஓடுற படத்தைப் பாத்து, இது அந்தப் படமே இல்லன்னா அதுக்கு வேற என்னடா பேரு?"

பேச்சு படத்தைப் பற்றியது அல்ல. நுரையீரலில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று அப்பா பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்து ஒரு ஒப்பந்தம் போட்டார். புத்தி தெளிவாக இருக்கும்வரை வீட்டில்தான். குழம்ப ஆரம்பித்தால் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் போடுங்கள், எனக்கெங்கே தெரியப்போகிறது. அதற்கு அப்போது மூவருமே சிரித்தார்கள். இப்போது அக்கா ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சொல்லிவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது.

"ஒரு நாள் பொறுத்துப் பாக்கலாம்க்கா."

"ராத்திரி மூச்சு முட்டினா நீ என்ன பண்ணுவ? ஸ்பேனர் போட்டு முறுக்குவியா?"

அவன் லிப்ட் மெக்கானிக். அவள் தன் பியூட்டி பார்லரை இழுத்துப் பூட்டிவிட்டு வந்து, அப்பாவைத் துடைத்து, புரட்டிப்போட்டு, விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவள். அவள் கேட்பதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

படத்தைக் கண்டுபிடித்தது அவன்தான். அப்பாவுக்குப் படத்தின் பெயர் தெரியாது. சுமை தூக்குகிறவன் பெட்டிகள் மேல் ஆடுவான் என்ற ஒரே துப்பை வைத்துக்கொண்டு, லிப்ட் குழிக்குள் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்திலெல்லாம் போனில் தேடியிருந்தான். கிடைத்தபோது, இந்த மனுஷனை ஒரு தடவையாவது சந்தோஷப்படுத்தப்போகிறோம் என்று நினைத்தான். கடைசியில் அந்தப் படமே அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கா அடுத்த அறைக்குப் போனதும் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தான். ஆக்சிஜன் மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

"அப்பா, கோபப்படாம சொல்லுங்க. என்ன தப்பு இதுல?"

"எல்லாமே தப்பு. கப்பல் அந்தப் பக்கம்ல நிக்கணும். அவன் எடுத்ததுமே இடது காலைத்தான் வைப்பான். இவன் வலது காலை வைக்கிறான்."

"வேற?"

"கோட்டு." அப்பா மூச்சை இழுத்துப் பிடித்தார். "பொம்பளைச் சட்டை மாதிரி பட்டன் அந்தப் பக்கம் இருக்கும். எங்க ஃபோர்மேன் கெடந்து சிரிப்பான். இவ்ளோ பெரிய கம்பெனி, கோட்டு தைக்கத் தெரியாத டெய்லரை வச்சிருக்கான் பாருன்னு."

அப்பா சலவைத் தொழிற்சாலையில் நீராவி இஸ்திரி போட்டவர். ஹோட்டல் விரிப்புகள், ஆஸ்பத்திரி விரிப்புகள், பணக்காரர்களின் கோட்டுகள். பக்கத்தில் ஒரு திறந்தவெளித் தியேட்டர் இருந்ததும், கொதிகலன் சூடேறும்வரை எல்லோரும் முற்றத்தில் நின்று படம் பார்த்ததும் அவனுக்குத் தெரியும். ஒரே படம் ஒரு பருவம் முழுக்க ஓடியதாம்.

"எழுத்துகூட வேற," என்றார் அப்பா. "இது இங்கிலீஷ்ல போடுறான். அது வேற ஏதோ பாஷை. நான் இங்கிலீஷ் எழுத்து தெரிஞ்சவன்டா."

அவன் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"முற்றத்துல எங்க நிப்பீங்க?"

"துணி காயப்போடுற இடத்துல. செவுத்துக்கு அந்தாண்டதான் திரை."

"திரைக்குப் பின்னாடியா?"

"பின்னாடி என்ன, முன்னாடி என்ன? வெள்ளைத் துணிதானே. வெளிச்சம் ரெண்டு பக்கமும்தான் வரும்."

அப்பாவின் கண்களில் எந்தக் குழப்பமும் இல்லை. மக்கு மகனுக்கு விளக்கவேண்டியிருக்கிறதே என்ற சலிப்புதான் இருந்தது.

அவன் அடுத்த அறைக்கு ஓடினான். "அக்கா! அவரு பின்னாடியிருந்து பாத்திருக்காரு. இடம் வலம் மாறித் தெரிஞ்சிருக்கு. அவரு சொல்றது எல்லாமே சரி. புத்தி நல்லா இருக்குக்கா!"

அக்கா பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

"நீயும் அவரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்குறீங்க. ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்துட்டான்."

"ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு அவருக்குச் சரியாக் காட்டிடறேன். அவரு வாயாலயே சொல்லட்டும்."

பதிலுக்குக் காத்திருக்காமல் கருவிப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பீரோவின் கண்ணாடிக் கதவைக் கழற்றத் தொடங்கினான்.

"டேய், அது அம்மாவோட பீரோடா!"

"அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

மேல் கீல் சுலபமாக வந்தது. கீழ்க் கீல் துருப்பிடித்து முரண்டு செய்தது. எத்தனையோ லிப்ட் கதவுகளைக் கழற்றியவன் இந்த ஒரு திருகாணியிடம் கையைக் கிழித்துக்கொண்டான். கதவு மொத்தமாகக் கழன்று தோளில் சாய்ந்தபோது வாசலில் மணி அடித்தது.

ஸ்ட்ரெச்சருடன் இரண்டு ஊழியர்கள். ஒருவர் நரைத்தவர், இன்னொருவர் தடித்தவர். அவன் கண்ணாடிக் கதவைத் தூக்கிக்கொண்டு நடையை அடைத்து நின்றான்.

"சார், வழி விடுங்க."

"நீங்க இதைப் புடிங்க," என்றான் அவன். தடித்தவர் ஏன் என்று கேட்காமல் மறுமுனையைப் பிடித்தார். கண்ணாடி கட்டிலின் கால்மாட்டில் சுவரோடு சாய்ந்து நின்றது. டிவியை ஸ்டாண்டோடு இழுத்து அப்பாவின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். வயர் எட்டவில்லை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்து போட்டாள்.

"இந்தப் பாட்டு முடிஞ்சதும் கெளம்பணும். தெரிஞ்சுதா?"

"சரி."

"வண்டியை நடு ரோட்டுல நிறுத்தியிருக்கோம்மா," என்றார் நரைத்தவர்.

"இத்தனை நேரம் நின்னது நிக்கட்டும்ங்க. என் தம்பி டான்ஸ் போடப்போறான்."

படம் ஓடியது. கண்ணாடிக்குள் கப்பல் இடம் மாறி நின்றது. பின்னால் வரைந்த வானம், வரைந்த மேகம். சுமை தூக்குகிறவன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். இடது காலை முதல் பெட்டியின் மேல் வைத்தான்.

அப்பா வாய் திறக்கட்டும் என்று அவன் காத்திருந்தான்.

"சத்தம் காதுக்குள்ள கத்துது," என்றார் அப்பா.

சத்தத்தைக் குறைத்தான். "படம்?"

"ம். இவன்தான்." பிறகு அக்காவைப் பார்த்து, "பட்டனைப் பாரு," என்றார்.

அக்கா பார்த்தாள். அவளுக்குத் துணி தெரியும். "ஆமாம்ப்பா. பொம்பளைப் பட்டன்," என்றாள். பிறகு நரைத்தவரிடம் தலையை ஆட்டினாள். போகலாம் என்றா, வேண்டாம் என்றா என்று அவருக்குப் புரியவில்லை. அவன் புரிந்துகொண்டான். அப்பா வீட்டில்தான்.

"இவ்ளோ ஆடியும் கோட்டு கசங்கல பாருங்க," என்றார் தடித்தவர்.

"நாலஞ்சு கோட்டு வச்சிருப்பான்," என்றார் அப்பா. "எவனோ ஒருத்தன் இஸ்திரி போட்டுட்டே இருந்திருப்பான்."

அவன் இதுவரை அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஓட்டியிருக்கிறான், நிறுத்தியிருக்கிறான், அதற்காகச் சண்டை போட்டிருக்கிறான். இப்போதுதான் பார்த்தான். வெட்டி ஒட்டிய படமாகத் தெரியவில்லை. தலை முதல் கால் வரை முழு ஆளும் தெரிந்தான். எங்கே தவறினாலும் மறைக்க இடமில்லை. பெட்டியிலிருந்து பெட்டிக்குத் தாவினான். ஒரு பெட்டி சரிந்தது. சரிந்த பெட்டியையே படியாக்கி இறங்கினான். மூச்சு வாங்கியிருக்கவேண்டும், ஆனால் முகத்தில் அது இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனைப் போலச் சாதாரணமாக இருந்தான். பிறகு இசை ஏற, பெட்டிகளின் உச்சிக்கு ஏறி, ஒற்றைக் காலில் சுழன்று, தொப்பியைக் கீழே நின்ற பெண்ணிடம் வீசினான். அவள் பிடித்தாள்.

"அடேங்கப்பா," என்றார் நரைத்தவர், தன்னை மறந்து.

அக்கா சிரித்தேவிட்டாள். அவனும் சிரித்தான். அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று இருவரும் திரும்பினார்கள்.

கண்ணாடியில் டிவிக்குப் பக்கத்திலேயே அப்பாவின் முகமும் அத்தனை நேரமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. நான்கு பேரும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அந்த முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

நரைத்தவர் குனிந்து கழுத்தில் விரல் வைத்தார். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் கழுத்தில் வைத்தார்.

"எப்போ?" என்று கேட்டான் அவன்.

"இப்பதான் இருக்கும் தம்பி."

"கோட்டு பத்திச் சொன்னாரே. அதுக்கப்புறமா? தொப்பியை வீசறதுக்கு முன்னாடியா?"

அவர் தடித்தவரைப் பார்த்தார். தடித்தவர் தரையைப் பார்த்தார்.

"ஒருத்தராவது அவரைப் பாத்துட்டே இருந்திருக்கலாம்ல," என்றான் அவன், யாரிடம் என்றில்லாமல். "நாலு பேரு இருந்தோம்."

தெருவில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுக்கத் தடித்தவர் இறங்கிப் போனார். நரைத்தவர் காலி ஸ்ட்ரெச்சரை மடித்து நடைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெளியே நிற்கிறேன் என்று சைகை காட்டினார்.

அக்கா அப்பாவின் மூக்கிலிருந்து குழாயை எடுத்தாள். காதுக்குப் பின்னால் அது பதித்திருந்த தடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். பிறகு ஆக்சிஜன் மிஷினை நிறுத்தினாள். இத்தனை நாள் வீடு முழுக்க இருந்த இரைச்சல் போனதும் படத்தின் சத்தம் பெரிதாகக் கேட்டது. கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இருவரும் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு கப்பல்ல போயிடுவாளா?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியல."

"நீ பாக்கலியா?"

"இதுக்கு மேல ஓட்டவே இல்லக்கா. நிறுத்து நிறுத்துன்னுட்டே இருந்தாரு."

கண்ணாடிக்குள் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மஞ்சள் கவுன்காரி அந்தத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவளைப் போல நின்றாள். அவன் ரிமோட்டை எடுத்தான். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து மடியில் வைத்துக்கொண்டான்.