வலது கை

அந்த வீட்டில் பகல் வேளையில் குழந்தையைத் தட்டித் தூங்க வைத்தது ஒரு சட்டையின் வலது கை. முதலில் நடந்தது ஒரு வியாழக்கிழமை; மழை இல்லை. குழந்தையின் அம்மா ரெடிமேட் கம்பெனியில் ஒன்பது வருடமாகச் சட்டைகளுக்கு வலது கை மட்டும் வைத்துத் தைத்து வந்தாள். இடது கை பக்கத்து மிஷின்காரியின் பாடு. கடல் தாண்டிப் போன சட்டைகள், ஒருமுறை உடுத்தியும் உடுத்தாமலும் சலித்துப்போனவர்கள் கழித்துக்கட்ட, மூட்டை மூட்டையாக இதே ஊருக்குத் திரும்பி வந்து, சாயத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை அடைத்து மலையாகக் கிடந்தன. அவள் புருஷன் விடியலில் குப்பை லாரி ஓட்டிவிட்டுப் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவன். தரை துடைக்கலாமென்று அந்த மலையிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து வந்தான். பாலியஸ்டர், தண்ணீரைக்கூட உறிஞ்சவில்லை. அலசித் தொட்டிலுக்கு மேலே கொடியில் போட்டான். குழந்தை அழுததும் வலது கை நீண்டு வந்து தட்டிக்கொடுத்தது. இடது கை சும்மா தொங்கியது.

சாயங்காலம் அவன் சொல்லிக் கேட்டபோது அவளுக்குச் சந்தோஷம்தான். தன் கைதானே என்றாள். மூன்றாவது அலசலில் தையல் விட்டுப்போனது. அவன் மலையிலிருந்து வேறொன்று கொண்டு வந்தான். கம்பெனியில் மணிக்கு அறுபது கை என்றிருந்த டார்கெட் நூற்றுப்பத்து ஆனது. புதிதாக வந்த கைகள் அவசரம் அவசரமாக நாலு தட்டு தட்டிவிட்டு ஓய்ந்தன. நாலு தட்டில் தூங்கக் குழந்தை கற்றுக்கொண்டது. பிள்ளையோடு இருக்க அவள் லீவு கேட்டாள். சீசன் முடியட்டும் என்றார் சூப்பர்வைசர். முன்பெல்லாம் வருடத்துக்கு நாலு சீசன். இப்போது வாரத்துக்கு ஒன்று, எங்கே முடிவது? நடுவில் நகராட்சி மலைக்குத் தீ வைத்தது. வலது கைகள் மட்டும் மொத்தமாக மேலே உயர்ந்தன. அதிகாரி அதைக் காற்று என்று எழுதிக்கொண்டார். அந்தப் புகையில் குழந்தைக்கு ஒரு மாதம் மூச்சிழுப்பு.

மகளுக்கு நாலு வயதானபோது, கூலி இன்னும் மலிவான தேசத்துக்குக் கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு அவள் முதல்முறையாக நடுப்பகலில் வீட்டுக்கு வந்தாள். வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் ஒரு ஆசை: இன்றைக்கு என் பிள்ளையை நானே தூங்க வைப்பேன். பக்கத்தில் படுத்துத் தட்டினாள். மகள் நகர்ந்து படுத்தாள்.

"நீ தட்டாதம்மா. கை வந்து தட்டட்டும்."

"இதுவும் கைதான்டி. அந்தக் கையத் தச்சதே நான்தான்."

மகள் அம்மாவின் கையைப் புரட்டி, தோள்வரை விரலால் தடவித் தேடினாள்.

"இதுல தையலே இல்லையே."

அவள் அழுதாள். கம்பெனி போனதற்குக்கூட அப்படி அழவில்லை. பிறகு எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துத் தன் கையை அதன் வலது கைக்குள் நுழைத்துக்கொண்டாள். நாலாவது தட்டில் மகள் தூங்கிப்போனாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். மூன்று அலசலுக்கு ஒருமுறை அவன் மலைக்குப் போய்வருகிறான். அங்கே கைக்குப் பஞ்சமில்லை. இப்போது வருபவை வேறு ஏதோ ஊரில் வேறு யாரோ ஒருத்தி வைத்த கைகள். உள்ளே அவள் கை இருந்தும் மூன்றே தட்டுத்தான் தட்டுகின்றன. மகள் அதற்கும் பழகிவிட்டாள்.