திறந்து பார்க்காத கூடுகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பூச்சியம்மா என்று பேர். வைத்தவர் ஜீப் டிரைவர். முதலில் முறைத்தாள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. சுனைகளில் வலை போட்டுப் பூச்சிகளைப் பிடித்து எண்ணி, தண்ணீர் எப்படி இருக்கிறதென்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை.

அந்தப் பூச்சிகளில் ஒரு புழு இருக்கிறதே, மகா ரோஷக்காரப் பிறவி. மணலை ஒட்டித் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். தண்ணீரில் துளி விஷம் கலந்தாலும் பிழைக்காது. ஆனால் புழு செத்தாலும் கூடு மாதக்கணக்கில் கல்லோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிரித்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எண்ண வேண்டும். இந்த வேலையில் அரிச்சுவடியே இதுதான்.

அன்று காலை, ஒரு சுனையிலிருந்து கொண்டுவந்த நாற்பது கூடுகளில் ஒன்றைப் பிரித்தாள். காலி. அடுத்ததும் காலி. நாற்பதும் காலி என்றானதும் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். இதே சுனையில், மூன்று மாதத்துக்கு முன்பு, அறுபத்திரண்டு என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ஒன்றையும் பிரிக்காமல், மேலோட்டமாக எண்ணித் தள்ளிவிட்டாள்.

அன்றைய கூடுகள் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்த பழைய புட்டியை அலமாரியிலிருந்து இறக்கி, அவற்றையும் பிரித்தாள். அறுபத்திரண்டும் காலி.

அடிப் பாவி! சுனைக்கு அடுத்த வீடு அவள் அக்காவுடையது. "கண்ணை மூடிக்கிட்டுக் குடிங்கக்கா" என்று சொன்னவளும் இவள்தான். அக்கா மகள் ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வாந்தி, வயிற்றுவலி, கைகால் நடுக்கம். என்ன நோயென்றே யாருக்கும் பிடிபடவில்லை.

புட்டியோடு போய் விஷயத்தைச் சொன்னதும், ஆய்வுக்கூட அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "மேட்டுல பூச்சிமருந்துக் கிடங்கு இருக்குல்ல, அங்கேருந்து கசிஞ்சிருக்கும். இப்பக் கெட்டுப்போச்சுன்னு எழுதுங்க, போதும். பழைய புட்டியை யாரு கேட்டா? இருபது வருஷ வேலை. வீணாத் தலையைக் குடுக்காதீங்க."

"இப்பத்தான் கெட்டுச்சுன்னா, டாக்டர் தண்ணியைக் கணக்குலயே எடுக்க மாட்டாரு சார். பிள்ளை ஒரு மாசமாப் படுத்திருக்கா."

அவர் சொன்னபடி கேட்டால் என்ன என்று அவளுக்கும் ஆசை எழாமல் இல்லை. வேலை போவதை நினைத்துக்கூட இல்லை. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் பயம். இரண்டு முறை போனை எடுத்து வைத்துவிட்டாள். மூன்றாம் முறை அக்காவின் எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

"முதல் நாளே டாக்டர் தண்ணியைப் பத்தித்தான்டி கேட்டாரு" என்றாள் அக்கா. "என் தங்கச்சி சோதிச்ச தண்ணி, அதுல சந்தேகமே வேணாம்னு நான்தான் அவர் வாயை அடைச்சேன்."

அவள் அழுதுவிட்டாள்.

"அழாத. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். டாக்டர் இங்கதான் இருக்காரு, நீயே சொல்லு."

போன் கை மாறியது.

"சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். "அந்தத் தண்ணியைச் சோதிச்சது யாரு?"

"நான்தான் டாக்டர்" என்றாள். "ஆனா நான் சோதிக்கலை."