வெள்ளையில் ஊறி வந்த பெயர்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டு முகம்மது ஹனீப் ஏலத்தில் எடுத்த பிக்கப் வண்டியிலிருந்து நான் திருடியது. திருடும்போது, அது இன்னொருத்தருடைய பொருள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். ஏன் என்பது ஆறாம் பகுதியில் வரும். அதுவரை என்னை நல்லவன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அருணகிரி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊர்ப் பெயர்களெல்லாம் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போகும். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். ஒரு சிறப்பிதழுக்கு, "கொஞ்சம் அமானுஷ்யமா ஏதாவது குடுங்க" என்று கேட்டார்கள். அன்றைக்குத் தெருமுனையில் ஹனீப் பாயின் வண்டி நின்றிருந்தது.

ஆரம்பித்துப் பார்த்தவை:

(அ) ஏலக் கிடங்கில் நின்ற நாற்பது வண்டிகளில் அது ஒன்று மட்டும் ஹனீபையே பார்த்துக்கொண்

(வண்டி எங்கேயாவது பார்க்குமா? அடித்துவிட்டேன்.)

(ஆ) தண்ணீரில் மூழ்கிய வண்டி காய்வதே இல்லை.

(நல்ல வரி. பெயின்டர் கண்ணுசாமியிடம் வாசித்துக் காட்டினேன். "ரெண்டு வெயிலு அடிச்சாக் காஞ்சுருமுங்க" என்றார். அதையும் அடித்துவிட்டேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன்.

2.

ஹனீப் பாய் பதினான்கு வருஷம் அடுத்தவர் வண்டி ஓட்டியவர். இளம்பிள்ளையில் சேலைக் கட்டுகளை ஏற்றிக் கடை கடையாக இறக்குவதுதான் பிழைப்பு. சொந்தமாக ஒரு வண்டி என்பது அவருக்கு ஆசை என்பதைவிட வீம்பு என்று சொல்லலாம். தவணை கட்டாமல் பறிமுதலான வண்டிகளை ஏலம் விடும் கிடங்கு ஒன்றில் இதை எடுத்தார். முன்பக்கம் நசுங்கி, கூரை அமுங்கிக் கிடந்தது. ஏலத்துக்காக மேலே ஒரு கோட் வெள்ளை பூசியிருந்தார்கள். சீட்டைத் தூக்கிய பிறகுதான் அடியில் அப்பிய களிமண் தெரிந்தது. வயரிங் முழுக்கப் பச்சை பூத்திருந்தது.

அவர் மனைவி சாயிரா பானு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஏலத்துல எடுத்தீங்களா, இல்ல வலை போட்டு எடுத்தீங்களா?"

"சிரி, சிரி. ஓடுறப்போ நீதான் முதல்ல ஏறுவே."

மூன்று வாரம் வேலை நடந்தது. இன்ஜினைப் பிரித்துக் கழுவி மாட்டினார்கள். வயரிங்கைப் புதிதாக இழுத்தார்கள். கூரையைத் தட்டி நிமிர்த்தினார்கள். புதுச்சத்திரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து கண்ணுசாமி பள்ளங்களில் பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசினார். வண்டி நெற்றியில், முன்கண்ணாடிக்கு மேலே, ஹனீப் பாயின் ஏழு வயது மகள் அஃபீபாவின் பெயர் வர வேண்டும். இங்கே குழந்தை பெயர் எழுதாத வண்டியைப் பார்த்தால் யாரோ விட்டுவிட்டுப் போன வண்டி மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் முதல் லோடு, நாமக்கல் ஜவுளிக் கடைக்கு. அப்பாவுடன் தானும் போவதாக அஃபீபா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

3.

அமானுஷ்யத்துக்கு ஒரு சாவு வேண்டும். குழந்தையாக இருந்தால் இன்னும் நன்றாக எடுபடும். (மூஞ்சியைச் சுளிக்காதீர்கள். இப்படித்தான் நாங்கள் யோசிப்போம்.) வண்டி எடுத்து இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, டீக்கடையில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்:

"முன்பு அந்த வண்டியின் நெற்றியில் வேறொரு குழந்தையின் பெயர் இருந்தது. ஆன்சி. சிவப்பு எழுத்து. கீழே சின்னதாக ஒரு மஞ்சள் நட்சத்திரம்."

ஏன் ஆன்சி? தெரியாது. பேனாவை வைத்ததும் வந்தது. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. அவளுக்கு வயதென்ன, முகமென்ன என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அந்த நட்சத்திரம் மட்டும் கண்ணுக்கு முன்னால் தெளிவாக நின்றது. ரொம்பப் பெருமையாக ஹனீப் பாய்க்கும் கண்ணுசாமிக்கும் வாசித்துக் காட்டினேன்.

"என் வண்டியில எதுக்குண்ணே சாவு?" என்றார் பாய்.

"கதைதானே பாய்" என்றேன்.

4.

வியாழக்கிழமை வெள்ளை அடித்தார்கள். சனிக்கிழமை காலை நெற்றியில் இளஞ்சிவப்பாக ஏதோ கசிந்திருந்தது. வெள்ளைப் பனியனில் வெற்றிலைச் சாறு ஊறின மாதிரி இருந்தது. பத்து மணி வெயில் ஏற ஏற எழுத்துகள் பிரிந்து தெரிந்தன. ஆன்சி.

டீ டம்ளரை வைத்துவிட்டு நோட்டைப் பிரித்துச் சரிபார்த்தேன்.

"இது பழைய பேருங்க" என்றார் கண்ணுசாமி, என்னைப் பார்க்காமல். "செவப்புக்கு மேல வெள்ளை அடிச்சா ஊறித்தான் வரும். ஏலத்துக்கு முன்னாடி பூசுனவன் சொரண்டாம பூசியிருக்கான்."

"தெரிஞ்ச விஷயம்தானே, அவன் ஏன் சுரண்டலை?" என்றார் பாய்.

"கொழந்தை பேரு மேல எமரிப் பேப்பரு வெக்க மாட்டமுங்க. எங்க தொழில்ல எவனும் வெக்க மாட்டான்."

"அப்ப நீங்க?"

"நானும் மாட்டனுங்க."

அதனால் மேலேயே இன்னொரு கோட் அடித்தார். மத்தியானம் வெயிலில் பெயர் திரும்ப வந்தது. மூன்றாவது கோட்டுக்கு முன்னைவிடச் சிவப்பாக வந்தது. ஹனீப் பாய் வெறுத்துப்போய் எமரித் தாளைத் தானே எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். பெயரின் முதல் எழுத்தின் மேல் கையை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு இறங்கிவிட்டார். "நாளைக்கு நம்ம பிள்ளை பேரை ஒருத்தன் இப்படித் தேய்ப்பானே" என்றார்.

கண்ணுசாமி என்னிடம் வந்தார். "ஏனுங்க, நீங்க செவ்வாக்கெழமையே எழுதிட்டீங்களே?"

தற்செயல் என்றேன். நட்சத்திரம் எங்கே, நான் எழுதிய நட்சத்திரம் இல்லையே என்றேன். அன்று முழுக்க அந்த இல்லாத நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன்.

5.

ஞாயிறு காலை வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் பின்னால் சரக்குத் தொட்டியில் ஏறிக்கொண்டேன். கேபினின் பின்கண்ணாடி வழியாக உள்ளே தெரியும். அஃபீபா இடப்பக்கக் கதவில் ஏறினாள். ஏறியவள் ஜன்னலோரம் உட்காராமல் நகர்ந்து, கியரை ஒட்டி ஒடுங்கிக்கொண்டாள்.

"தள்ளி ஓரமா உக்காரும்மா, கியர் போட முடியல" என்றார் பாய்.

"அங்க எடம் இல்ல, அத்தா."

பயம் எதுவும் இல்லை அவள் குரலில். டவுன் பஸ்ஸில் சொல்வார்களே, அப்படிச் சொன்னாள்.

நான் இங்கே ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன்: அஃபீபா காலியான ஓரத்தைப் பார்த்து மெல்லச் சிரித்

அதை முடிக்க மாட்டேன். அதற்கு முன்னால் எழுதிய ஒரு வாக்கியம் என்ன செய்தது என்று பார்த்தாயிற்று.

வாசலில் நின்றிருந்த சாயிரா பானு குழந்தையை இழுத்து இறக்கினார். "வெள்ளிக்கிழமை இவ வர மாட்டா. நீங்களும் இதுல போகக் கூடாது."

"பதினாலு வருஷம் சாயிரா. பதினாலு வருஷம் எவன் வண்டிக்கோ டயர் தட்டியிருக்கேன்."

"அதுக்கு என் பிள்ளையக் கேக்காதீங்க."

ஹனீப் பாய் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே மத்தியானம் வரை நின்றார்.

6.

திங்கட்கிழமை கண்ணுசாமியுடன் ஒரு பெண்மணி வந்து இறங்கினார். புதுச்சத்திரத்துக்காரர், பெயர் ரோசி. சீட்டுக்கடியில் இருந்த களிமண்ணையும் அந்தப் பெயரையும் சொல்லிக் கண்ணுசாமி தன் ஊருக்குள் விசாரித்திருக்கிறார். ரோசி நேராக வண்டிக்குப் போய் எட்டி, பெயரைத் தொட்டுப் பார்த்தார்.

"கீழ மஞ்சளா ஒரு நட்சத்திரம் இருக்குமுங்களே?"

நான் நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"மஞ்ச ஊறாதுங்க அம்மிணி. செவப்பு மட்டுந்தான் ஊறும்" என்றார் கண்ணுசாமி.

இரண்டு வருஷத்துக்கு முன் அது அவர் கணவர் தோமினிக்கின் வண்டி. சாயங்காலம் மகள் ஆன்சியைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிக்கொண்டு, புதுச்சத்திரம் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு, கல்குவாரிக்குத் தண்ணீர் கேன் போடப் போவார். அன்று மழை. வண்டி குவாரிக் குட்டைக்குள் போய்விட்டது. தோமினிக் உடல் கிடைத்தது. நான்கு நாள் முக்குளித்தும் ஒன்பது வயது ஆன்சி கிடைக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் அவள் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாப்பில் இறங்கியதைப் பார்த்தவர் யாருமில்லை.

"நீங்கதான் பேரு வரதுக்கு முன்னாடியே எழுதுனவருங்களா?" என்று என்னைக் கேட்டார். பிறகு உற்றுப் பார்த்தார். "உங்களை எனக்குத் தெரியுமுங்க. 'காணவில்லை' நோட்டீசு அடிக்க வந்தப்போ நீங்கதான் எழுத்துப் பாத்தீங்க. போட்டோவை இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடலாம்னு கூடச் சொன்னீங்க."

சொல்லியிருக்கிறேன். ஞாபகம் வந்துவிட்டது. வண்டிக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை நிற்கும் கலர் படம். தலைக்கு மேலே பெயர். பெயருக்குக் கீழே நட்சத்திரம். பிழை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நான் சாப்பிடப் போயிருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து அதையே என் கற்பனை என்று ஊருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். தூ! இவனெல்லாம் எழுத்தாளன்.

(குறிப்பு: பெயரும் நட்சத்திரமும் எனக்கு எங்கிருந்து வந்தன என்பது இதோடு விளங்கிவிட்டது. அஃபீபா நோட்டீஸைப் பார்த்ததில்லை. அப்போது அவளுக்கு ஐந்து வயது. "அங்க எடம் இல்ல" என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.)

"நீங்க எழுதுனதுல," என்று ரோசி மெதுவாகக் கேட்டார், "அவ ஸ்டாப்புல எறங்கிட்டாளுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹனீப் பாய், "எறங்கிட்டான்னே எழுதுங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

ரோசி அவர் பக்கம் திரும்பினார். "எறங்கியிருந்தா, ரெண்டு வருசமா எங்கீங்க இருக்கறா?"

அவரே தொடர்ந்தார்.

"கல்லறைத் திருநாளுக்கு ஃபாதரு செத்தவங்க பேரு கேப்பாருங்க. அவுரு பேரை மட்டும் குடுத்துட்டு வாரேன். இவ பேரைக் குடுக்கவும் முடியல, குடுக்காம ஊட்டுக்கு வரவும் முடியல. ஏதாச்சும் ஒண்ணை எழுதிப்போடுங்க சாமி."

சாயிரா பானு அவரை உள்ளே அழைத்துப்போய் டீ கொடுத்தார். இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. (நானே இட்டுக்கட்டலாம். இனிமேல் மாட்டேன்.) வெளியே வந்தபோது ரோசி ஹனீப் பாயிடம் ஒன்று மட்டும் கேட்டார்: "வெள்ளிக்கெழமை எந்நேரத்துக்குங்க வண்டி எங்கூரைத் தாண்டும்?"

7.

முடிவு ஒன்று: ஆன்சி இறங்கிவிட்டாள். வண்டி சுத்தம், ஹனீப் பாய் ஓட்டலாம். ஆனால் ரோசி சாகும்வரை ஸ்டாப்பில் நின்று ஒவ்வொரு பஸ் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஆன்சி இறங்கவில்லை. ரோசி ஃபாதரிடம் இரண்டாவது பெயரையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அழலாம். ஆனால் அஃபீபா ஒவ்வொரு முறையும் கியரை ஒட்டி ஒடுங்கி உட்கார வேண்டும். அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: வண்டியைத் திரும்ப ஏலத்துக்கே விட்டுவிடுவது. புத்திசாலித்தனமானது. எவனோ ஒருவன் மேலே வெள்ளை பூசுவான், வேறு யாரோ ஒருத்தர் தன் மகளை ஏற்றிக்கொள்வார். இதை எழுதவே கூசியது.

8.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சேலைக் கட்டுகளுக்கு நடுவே நானும் ஏறிக்கொண்டேன். வண்டி நெற்றியில் ஆன்சி இருந்தது. அதன் கீழே இன்னொரு பெயருக்குக் கண்ணுசாமி இடம் விட்டிருந்தார். யாரும் எதிர்பார்க்காதபடி சாயிரா பானுவே அஃபீபாவைக் கூட்டிவந்து ஏற்றிவிட்டார். "அந்தம்மா ஸ்டாப்புக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்றார். குழந்தை நடுவில்தான் உட்கார்ந்தாள். ஓரம் காலி.

புதுச்சத்திரம் ஸ்டாப்பில் ரோசி நின்றிருந்தார். பஸ்ஸுக்குக் காட்டுவது போலக் கையைக் காட்டினார். ஹனீப் பாய் நிறுத்தினார்.

ரோசி இடப்பக்கக் கதவைத் திறந்தார். அஃபீபாவைப் பார்த்து ஒரு சின்னத் தலையசைப்பு. பிறகு காலியான இடத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"எறங்கு சாமி. ஸ்டாப்பு வந்துருச்சு."

பள்ளிக்கூடப் பையோடு ஒரு குழந்தை இறங்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். ஊருக்குள் போகும் மண்பாதையில் நடந்தார். வலது கை மட்டும் உடம்போடு ஒட்டாமல், கொஞ்சம் தாழ்ந்து, ஒரு குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. ஹனீப் பாய் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

பிறகு பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அஃபீபா, இப்ப ஓரமா உக்காந்துக்கறியாம்மா?"

குழந்தை இடப்பக்கம் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். வண்டி இன்ஜின் ஓடியபடி ஸ்டாப்பிலேயே நிற்கிறது. பின்கண்ணாடியில் எனக்குப் பக்கத்தில் உங்களுக்கும் இடம் இருக்கிறது, எட்டிப் பாருங்கள். அஃபீபா ஜன்னலோரம் நகர்ந்துவிட்டால், கேபினை இரண்டு தட்டு தட்டுங்கள், பாய் வண்டியை எடுப்பார். நகராமல் நடுவிலேயே உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து கீழே குதித்து அந்த மண்பாதையில் ஓடுங்கள். ரோசி இன்னும் வெகுதூரம் போயிருக்க மாட்டார்.