டிரோவில் முடியாத ஆட்டம்

என் கணவர் இரத்தினவேலுக்குத் தெரியாத விளையாட்டே உலகத்தில் கிடையாது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கிரிக்கெட் ஆடியவராம். அந்தத் திமிர் ரொறன்ரோவுக்கும் கூடவே வந்துவிட்டது. பேஸ்போல் மைதானத்தில் ஹொட்டோக் விற்கும் வேலை கிடைத்து இரண்டு கிழமைதான், அதற்குள் எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஒன்பது இனிங்ஸ்தான், மங்கை. ஸ்கோர் சரிக்குச் சரி எண்டால் டிரோ. மச் முடிஞ்ச உடன விட்டிடுவாங்கள். சப்வே பிடிச்சு வந்திடுவன். அம்மாவை அந்த நேரத்துக்குப் போன் எடுக்கச் சொல்லு, நான் நிக்கிறன்."

இவருடைய அம்மா, என் மாமி, கண் ஒப்பரேசனுக்காகக் கொழும்புக்கு வந்திருந்தார். வந்த நாளெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போயிற்று. எங்களுக்கு இரவாகும்போது அங்கே விடியும். விடிந்ததும் பஸ் ஏறி, சண்டையில் றோட்டு மூடிக் கிடப்பதால் கிளாலிக் கடலைப் படகில் கடந்து யாழ்ப்பாணம் திரும்புகிறார். அங்கே ரெலிபோன் கிடையாது. போகுமுன் மகனின் குரலை ஒருதரம் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

எங்கள் சனத்தின் வழக்கம் தெரியும்தானே. சாவுச் செய்தியைப் பெற்றவளுக்கு நேரே சொல்லமாட்டோம். போன வருடம் இவருடைய தமையன் சுவிசில் கார் மோதி இறந்தபோது, மாமி வவுனியாவுக்கு வந்து சுவிசுக்குப் போன் எடுத்தார். "அவர் வேலைக்குப் போயிட்டார்" என்று அந்த மருமகள் சொல்லிவிட்டாள். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் மகன் செத்தது மாமிக்குத் தெரிந்தது.

டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் ரீவிக்கு முன்னால் நான் குந்தியிருந்தேன். ஒன்றுக்கு ஒன்று. ஒன்பதாவது இனிங்ஸ் முடிந்தது. அப்பாடா என்று எழும்பினால், பத்தாவது தொடங்குகிறது!

இதென்ன கோதாரி? டிரோவாம் டிரோ. பெரிய கிரிக்கெட் வீரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்த விளையாட்டில் ஒருவர் வெல்லும்வரை விடமாட்டார்களாம், ரீவிக்காரன் சொன்ன பிறகுதான் விளங்கியது. பதினொன்று, பன்னிரண்டு. ஒருத்தனும் ஓடுகிற பாடில்லை. துப்புகிறார்கள், தொப்பியைச் சரிசெய்கிறார்கள், மறுபடி துப்புகிறார்கள். அங்கே மாமியின் பஸ்ஸுக்கு நேரமாகிறது.

பதின்மூன்றாவதில் ரெலிபோன் அடித்தது.

"தம்பி நிக்கிறானோ, பிள்ளை?"

"அவர் வேலையில, மாமி. மச் முடியேல்லை. இப்ப வந்திடுவார்."





"பெரியவன் செத்த நேரமும் அவள் இதைத்தானே சொன்னவள்."

 அதே வாய்ப்பாட்டைத்தான் நானும் ஒப்புவித்திருக்கிறேன்.

"சத்தியமாய் வேலையில, மாமி. உங்கட கண்ணாணை."

"நிக்கிறன் எண்டு சொல்லிவிட்டவன். உயிரோட இருந்தால் நிண்டிருப்பான்."

என்ன சொல்லி நம்பவைப்பது? ரீவியின் சத்தத்தைக் கூட்டி ரிசீவரை அதற்கு நேரே பிடித்தேன். "கேளுங்கோ மாமி, உந்தச் சனத்துக்குள்ளதான் நிக்கிறார்."

அந்த நேரம் பார்த்து எங்கள் அணிக்காரன் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து மதிலுக்கு மேலால் போனது. ஐம்பதினாயிரம் சனமும் ஒன்றாகக் கத்தியது. முடிந்தது ஆட்டம். நான் ரிசீவரைக் காதில் வைத்தேன்.

மாமி அழுதுகொண்டிருந்தார். "எத்தினை சனம் குளறி அழுகுது. செத்தவீடு எண்டு சொல்லுறதுக்கு என்ன பிள்ளை? ஏன் எனக்கு ஒளிக்கிறியள்?"

"ஐயோ, இல்லை மாமி—"

லைன் அறுந்துவிட்டது.

ஒரு மணித்தியாலம் கழித்து என் கணவர் பல்லெல்லாம் தெரிய வந்தார். "வெண்டிட்டம். அம்மா போன் எடுத்தவவோ?"

வந்ததும் கிழிக்க வேண்டும் என்று எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன்.  நடந்ததை மட்டும் சொன்னேன்.

அவர் சப்பாத்தைக் கழற்றாமலே போய் ரிசீவரை எடுத்தார். எந்த நம்பருக்கு அடிப்பது? பஸ் போயிருக்கும்.

"அம்மா, நான் நிக்கிறன்" என்று அந்த வெறும் ரிசீவருக்குள் சொன்னார்.