பொது விதி நான்கு

கேட்டில் நின்ற மாட்டு டாக்டர் கன்றின் இரண்டு காதுகளையும் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு, "இது உள்ள வராதும்மா" என்று சொன்னபோது, அவள் பதிவு மேசையில் உட்கார்ந்து நாற்பத்தோராம் எண் அட்டையின் துளையில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்று அவளுடைய அக்காவின் மாடு. அந்த அட்டைக்கு மட்டும் நூலை இரட்டையாகப் போட்டிருந்தாள். அப்படிப் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்து, விதிகளில் நூலைப் பற்றி எதுவும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் முடிச்சுப் போட்டாள்.

பண்ணைக் கண்காட்சியின் விதிப் புத்தகத்தை இந்த வருஷம் தட்டச்சு செய்தவள் அவள்தான். பகலில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, மாலை வகுப்பில் அலுவலகப் பயிற்சி படிக்கிறவள். மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு அங்கிருந்துதான் அனுப்பினார்கள். எதைப் படித்தாலும் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து இரண்டு முறை படிப்பாள். இரண்டாம் முறை சரியாக இருந்தால், முதல் முறை ஒழுங்காகப் படித்தோமா என்று சந்தேகம் வந்து மூன்றாம் முறையும் படிப்பாள். வகுப்பில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் எப்படியோ அவளுக்கு முன்னாலேயே பஸ் ஏறி இந்த ஆபீசுக்கும் வந்து சேர்ந்திருந்தது. கண்காணிப்பாளரே, "ஸ்கேல், அந்த ஃபைலை எடும்மா" என்பார்.

அட்டையைக் கையில் பிடித்தபடியே எழுந்து கேட்டுக்கு ஓடினாள். அக்கா ஒரு கையில் மாட்டின் கயிற்றையும் இன்னொரு கையில் கன்றின் கயிற்றையும் பிடித்து, இரண்டுக்கும் நடுவில் நின்றாள். போட்டி விதிப்படி காலைப் பால் முழுவதையும் கேட்டுக்கு வெளியே அளவைக்காரரின் கண் முன்னால் கறந்து மடியைக் காலி செய்தாகிவிட்டது. மாலை ஐந்து மணிக்கு உள்ளே கூடாரத்தில் கறப்பதுதான் கணக்கு. கன்று கொஞ்சம் தள்ளி நின்று டாக்டரின் கோட்டு நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"பொது விதி நாலு," என்றார் டாக்டர், கோட்டை மெல்ல உருவிக்கொண்டே. "காதுல நம்பர் வில்லை அடிக்காத எந்தப் பிராணியும் வளாகத்துக்குள்ள வரக் கூடாது. பெரிசா, சின்னதான்னு அதுல இல்ல."

"அதுக்கு எழுபத்தோரு நாள்தான் ஆவுது டாக்டர். மூணு மாசம் ஆவாம டேக் அடிக்க மாட்டோம்னு நீங்கதான சொல்லுவீங்க?" என்றாள் அக்கா.

"ஆமா. காது தாங்காது."

"அப்ப?"

"அப்ப வெளிய கட்டுங்க."

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை. தங்கை வந்துவிட்டாள், இனி எல்லாம் சரியாகிவிடும் என்கிற பார்வை. "குட்டி, நீதான கன்னையும் கூட்டிட்டு வரலாம்னு சொன்ன? போன்ல வரி வரியாப் படிச்சியே."

படித்தாள்தான். அது போன வருஷத்துப் புத்தகம். புதியது அப்போது இன்னும் தயாராகவில்லை. பழைய புத்தகத்தில் பசு, எருமை, வெள்ளாடு, செம்மறி, கறவைப் போட்டி என்று ஐந்து பகுதிகளிலும் காது வில்லை வரி அதே வார்த்தைகளில் ஐந்து முறை வந்தது. ஐந்தையும் ஒன்றாக்கி முன்னால் 'பொது விதிகள்' என்று ஒரு பகுதி போட்டவள் அவள். பன்னிரண்டு பக்கம் ஏழாகக் குறைந்தது. கண்காணிப்பாளர் பக்கங்களை விரலால் தள்ளிப் பார்த்து, "பரவாயில்லையே, தலை சீவி விட்ட மாதிரி இருக்கு" என்றார். அன்று ராத்திரி தன் நோட்டில் அதை அப்படியே எழுதி, அதன் கீழே, 'பாராட்டுதானா, தெரியவில்லை' என்றும் எழுதி வைத்தாள்.

கேட்டில் நின்றபடி பழைய புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தை அவள் மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். கறவைப் போட்டியின் காது வில்லை வரி அந்தப் பக்கத்தின் கடைசி வரி. அதன் முடிவில் சின்னதாக ஒரு நட்சத்திரம். போனில் அக்காவுக்குப் படித்தபோது ஸ்கேல் கையில் இல்லை. நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து பக்கத்தின் அடிக்குப் போய், 'பால்குடிக் கன்றுக்கு இது பொருந்தாது' என்று வாய்விட்டுப் படித்திருக்கிறாள். தட்டச்சு செய்த நாளில் ஸ்கேல் கையில் இருந்தது. கடைசி வரிக்குக் கீழே அதைப் பொருத்தி வைத்து, ஒரு முறைக்கு மூன்று முறை அந்த வரியைப் படித்தாள். மூன்று முறையும் அந்த அடிக்குறிப்பு ஸ்கேலுக்கு அடியில் இருந்தது.

"என்ன குட்டி, பேச்சையே காணோம்?"

"இரு, வந்துடறேன்" என்றாள். கண்காணிப்பாளரைத் தேடிப் போனாள்.

மினி லாரியில் சாய்ந்து நின்றிருந்த அத்தான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அக்காவின் புருஷன்; கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்குத் தொழுவத்தில் மெஷின் போட வேண்டும், மெஷினுக்குப் பால் தருகிற மாடு வேண்டும், அவ்வளவுதான். இந்த மாடு கன்று வாய் வைத்தால்தான் சுரப்பு விடும். ஒரு வேளை கறக்க அக்கா, கன்று, கழுத்தைச் சொறிந்து கொடுக்க ஓர் ஆள் என்று மூன்று பேர் வேண்டும். "பால் கறக்கிறதா, ஜாதகம் பாக்கிறதா?" என்பார் அத்தான். அக்கா அதைத் தாயில்லாக் கன்றாக இருந்தபோதே பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவள். அதற்குக் கோவக்காரி என்று பெயர் வைத்ததும் அவள்தான். ஒரு மாதச் சண்டைக்குப் பிறகு இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கண்காட்சித் தராசில் ஒரு வேளைக்கு ஆறு லிட்டர் காட்டினால் கோவக்காரி வீட்டிலேயே இருக்கும். காட்டாவிட்டால் திங்கட்கிழமை தரகர் வந்து ஓட்டிக்கொண்டு போவார். வீட்டில் அது ஏழுக்குக் குறைந்ததில்லை. அதனால்தான் அக்கா உடனே ஒப்புக்கொண்டாள்.

கண்காணிப்பாளரின் அறை பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்தது. தலைக்கு மேல் ஆட்கள் ஏறி இறங்கும் சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் பழைய புத்தகத்தையும் புதிய புத்தகத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"விட்டுப் போச்சு" என்றார்.

"என் தப்பு சார். எழுதிக் குடுக்கறேன். ஒரு திருத்தம் மாதிரி கேட்டுல ஒட்டிட்டா..."

"காலையில மூணு பேரைக் கன்னோட திருப்பி அனுப்பிட்டார் டாக்டர். ஒருத்தர் விடியறதுக்கு முன்ன கிளம்பி வந்த மனுஷன். அப்படியே திரும்பிப் போயிட்டார். இப்ப நான் ஒட்டினா, அப்புறம் உள்ள வர்ற முதல் கன்னு யாரோடதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்? என் ஆபீஸ் பொண்ணோட அக்காதுன்னு சொல்லவா?"

அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கையெழுத்துப் போட்டது நான்," என்றார் அவர், புதிய புத்தகத்தை மூடிக்கொண்டே. "ஒண்ணு சொல்லட்டுமா? நான் படிக்கவே இல்ல. எதுக்குப் படிக்கணும், ஸ்கேல் படிச்சிருக்கும்னு விட்டுட்டேன்." திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "அடுத்த வருஷம் சரி பண்ணிடலாம்மா."

கன்றை லாரியிலேயே கட்டி, கேட்டுக்கு வெளியே தண்ணீர் டேங்கர் நிழலில் நிறுத்தினார்கள். மாடு மட்டும் உள்ளே வந்தது. வந்ததிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. மதியம் முழுக்க ஸ்கேல் பதிவு மேசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விதி சொன்னாள். ஆட்டுக்குக் குளம்பில் எண்ணெய் தடவலாமா? கூடாது, பொது விதி ஆறு. பூசணிக்காய்க்குக் காம்பு இருக்க வேண்டுமா? வேண்டும். ஒரு கோழிக்காரர், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சொன்ன ஒவ்வொன்றையும் அவள் புத்தகத்தைத் திறந்து பார்த்துத்தான் சொன்னாள். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. புத்தகத்தை எழுதியவள் யார்?

ஐந்து மணிக்கு மணி அடித்தது. கறக்க இருபது நிமிஷம். கறவைக் கூடாரத்தில் புது மரத்தூள் பரப்பியிருந்தார்கள். அக்கா வாளியை முட்டிக்கு நடுவில் இடுக்கி உட்கார்ந்து, மடியைக் கழுவித் துடைத்து, காம்பை நீவ ஆரம்பித்தாள். பக்கத்து நாற்பதாம் எண் மாட்டின் வாளியில் பால் நுரைத்து விழும் சத்தம் கேட்டது. கோவக்காரியின் மடி கல் மாதிரி இறுகி, நரம்பு புடைத்து நின்றது. ஒரு சொட்டு வரவில்லை. அது கேட் இருக்கும் திசையில் காதைத் திருப்பி வைத்து, கேட்டுக்கொண்டே நின்றது.

"என் ராசாத்தி இல்ல? விடுடி," என்றாள் அக்கா தாழ்ந்த குரலில். "அப்புறம் எவ்வளவு வேணா கோச்சுக்கோ. இப்ப விடு."

நாற்பதாம் எண்காரர் தன் மாட்டின் வயிற்றுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஒரு ஊசி இருக்கு. போட்டா ரெண்டு நிமிஷத்துல கொட்டும். யாருக்கும் தெரியாது."

"இங்க தெரியாம ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அத்தான். "விதி போட்ட அம்மாவே பக்கத்துல நிக்கறாங்க."

அக்கா கையை நிறுத்தாமல், "வேணாம்ணே, இது ஊசி கண்ட மாடில்ல" என்றாள். தங்கையைப் பார்க்கவில்லை. பார்த்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று ஸ்கேல் யோசித்தாள். ஊசி கூடாது, பொது விதி ஏழு என்றுதான் சொல்லியிருப்பாள். அதை நினைத்தபோது தன் மேலேயே அவளுக்கு ஒரு மாதிரி வெறுப்பு வந்தது.

ஆறு நிமிஷம் போனது. திடீரென்று அவள் கூடாரத்தை விட்டு வெளியே ஓடினாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி லாரியில் ஏறி, கன்றுக்கு அடியில் விரித்திருந்த சாக்கை உருவினாள். கன்று அவள் முழங்கையை நக்கியது. சாக்குக்குக் காதில்லை, அதனால் வில்லையும் வேண்டாம் என்று ஓடும்போதே மனசுக்குள் ஒரு விவாதம் நடந்தது. டாக்டர் சாக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாக்கை மாட்டின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கோவக்காரி முகர்ந்தது. நக்கியது. இன்னொரு முறை அழுத்தி நக்கியது. வாளியில் சுர்ரென்று முதல் பீச்சு விழுந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் கறந்தாள். அளவைக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வாளியைப் பார்த்தார். ஸ்கேல் எண்ணவில்லை, கணக்குப் பார்க்கவில்லை. சாக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடு சாக்கை மூக்கால் தள்ளிப் பார்த்தது. பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை நீட்டியது. அங்கே அவள்தான் நின்றிருந்தாள். பால் நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றது.

அளவைக்காரர் வயதானவர். இருபதாவது நிமிஷம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் ரொம்ப நிதானமாகத் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, "போதும்மா, எழுந்திரு" என்றார். வாளியைத் தராசில் வைத்து, நோட்டில் எழுதி, எழுதியதை அக்காவுக்குத் திருப்பிக் காட்டினார். இரண்டே கால் லிட்டர்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார் அத்தான். ஜெயித்தவர் குரலாக அது இல்லை. "தராசு சொல்லிடுச்சு. நான் போய் வண்டியை எடுத்துட்டு வரேன்."

அக்கா காலி வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். புடவை நுனியில் கையைத் துடைத்தாள். ஸ்கேல் சொல்ல வேண்டியதை மதியத்திலிருந்து மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்: ஒன்பதாம் பக்கம், கடைசி வரி, நட்சத்திரம். "அக்கா, அந்த விதி..." என்று ஆரம்பித்தாள்.

"சாப்பிட்டியா நீ?" என்றாள் அக்கா. "காலையிலேர்ந்து மூஞ்சியே சரியில்ல."

ஸ்கேல் மாட்டின் கழுத்திலிருந்து எண் அட்டையை அவிழ்க்கப் போனாள். இரட்டை நூல், இறுகிய முடிச்சு, நகத்துக்கு அகப்படவில்லை.

கேட்டில் நெரிசல் என்று அத்தான் லாரியை வளாகத்தின் வெளிச் சுவரை ஒட்டிக் கூடாரத்தின் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். சுவர் இடுப்பு உயரம்தான். இஞ்சினை அணைத்துவிட்டுச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்து, மாட்டை அவிழ்த்துக் கேட் வழியாக நடத்திப் போக வந்தார். அப்போது லாரியின் மேலிருந்து கன்று ஒரு முறை கத்தியது.

கோவக்காரி தலையை நிமிர்த்தியது. யாரும் கை வைக்கவில்லை. நான்கு காம்பிலிருந்தும் பால் இறங்கியது. முதலில் சொட்டாக, பிறகு நிற்காத நான்கு வெள்ளைக் கோடுகளாக. மரத்தூளில் நான்கு குழிகள் விழுந்தன. குழிகள் நிறைந்து, ஒன்றோடொன்று சேர, பால் தூளை மிதக்கவிட்டபடி சரிவு இருந்த பக்கம் நகர்ந்தது. அளவைக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தியிருந்தார்; அங்கே கையை வைத்தவர் அப்படியே நின்றார். கவிழ்த்த வாளி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. முடிச்சில் விரல் மாட்டிக்கொண்டதுபோல ஸ்கேல் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்று இன்னொரு முறை கத்தியது. பால் ஓடி வந்து அத்தானின் செருப்பைத் தொட்டது. அவர் ஒரு காலைத் தூக்கினார். தூக்கியதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல, ஒரு கையால் கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.