ரசத்தில் சர்க்கரை

சமைக்கும்போது ருசி பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் உப்பு, இன்னும் கொஞ்சம் புளி என்று தடவிக்கொண்டு நிற்பது என்ன சமையல்? எங்கள் வீட்டில் சாமிக்குக் காட்டுகிறவரை எதுவும் நாக்கில் படக்கூடாது. அதனால் நான் மூக்கால் சமைக்கக் கற்றுக்கொண்டேன். ரசம் நுரை கட்டி வரும்போது எழுகிற ஆவியிலேயே உப்பு போதுமா, போதாதா என்று சொல்லிவிடுவேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

கீதாஞ்சலி நம்பவில்லை. "உப்பில்லாட்டி சாமி மட்டும் தலையெழுத்தேன்னு சாப்பிடணுமா?" என்பாள்.

அவளும் நானும் ஒரே வங்கிக் கிளையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் காலம் தள்ளியவர்கள். அவள் அப்பா ரயில்வே. சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸில் மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவள். நான் பாலிகஞ்சில் பிறந்து பாலிகஞ்சிலேயே வாழ்க்கைப்பட்டவள். வங்காளத்தில் எங்களுக்குப் பொதுவாக இருந்தது தமிழும் டிபன் டப்பாவும் வாய்த் துடுக்கும்தான். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டேன். அவள் இன்னும் வேலையில் இருக்கிறாள். வங்கிக்கு இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று மத்தியானம் அவளுக்கு என் வீட்டில் சாப்பாடு. மேல் மாடியிலிருந்து கேயாதியும் இறங்கி வருவார். கேயா என்பது பெயர். எங்களைவிட மூத்தவர் என்பதால் வங்காளி வழக்கப்படி 'தி' சேர்த்துக் கூப்பிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

உபசாரம் எல்லாம் கிடையாது. தட்டை அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். கேயாதி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொள்வார். கீதாஞ்சலி அடுக்களைக்கே வந்து நின்றுகொண்டு பாதி சாப்பிட்டுவிடுவாள். பிறகு சாயங்காலத் தேநீர்வரை பேச்சு. இந்த ஊரில் அதற்கு அட்டா என்று ஒரு மரியாதையான பெயர் உண்டு. தமிழில் வெட்டிப் பேச்சு என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பேச்சில் முதல் பங்கு என் சமையலுக்கு. "பருப்பு ஜாஸ்தி. பொரியல் குழைஞ்சு போச்சு. அப்பளத்தை நேத்தே பொரிச்சு வச்சியா?" என்று கீதாஞ்சலி ஆரம்பிப்பாள். கேயாதிக்கு ஒரே ஒரு குறைதான், அதை மாதாமாதம் சொல்வார்: ரசத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் என்ன? வங்காளிகள் பருப்பிலும் போடுவார்கள், கறியிலும் போடுவார்கள். நான் இருக்கிறவரை இந்த வீட்டு ரசத்தில் சர்க்கரை விழாது என்று நானும் மாதாமாதம் பதில் சொல்வேன். என் கணவர் மஹாதேவன் எதிலும் கலந்துகொள்ள மாட்டார். எதைப் போட்டாலும் சாப்பிட்டு "ம்" என்பார். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு சாம்பார் நன்றாக இருந்ததா, ஊசிப்போனதா என்று கண்டுபிடிக்க முடியாது.

சென்ற குளிர்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. பத்தியம் முடிந்த அன்று கேயாதி ஒரு பெட்டி சந்தேஷ் கொண்டுவந்தார். ஈச்சம்பால் வெல்லம் போட்ட பால் இனிப்பு. பெட்டியைத் திறந்தாலே கூடம் மணக்கும். நான் திறந்தேன். ஒன்றுமில்லை. வாயில் போட்டேன். இனிப்பாக மண்ணைத் தின்ற மாதிரி இருந்தது. நன்றாயிருக்கிறது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு அடுக்களைக்கு ஓடினேன். பெருங்காய டப்பா, காபிப் பொடி, கற்பூரம், கடைசியில் தைல பாட்டில். எல்லாவற்றையும் மூக்கடியில் வைத்து இழுத்தேன். எல்லாம் வெறும் காற்று.

மூக்கு உள்ளவரை சளி என்பார்கள். எனக்கு மூக்கும் இருந்தது, சளியும் போய்விட்டது, மூக்கின் வேலைதான் இல்லை. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. பயம். வேலையை விட்டபின் எனக்கென்று இருந்தது அந்த ஒரு சனிக்கிழமைதான். இருவரும் என் முகத்துக்காகவா வருகிறார்கள், சாப்பாட்டுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சமையலும் போய்விட்டது என்று தெரிந்தால் பரிதாபப்பட்டு நாலு தடவை வருவார்கள். பிறகு ஏதாவது வேலை வந்துவிடும்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை துணிந்து சமைத்தேன். கை அளவு கைக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அரைத்துவிட்ட சாம்பார், பீன்ஸ் பருப்பு உசிலி, ரசம். கீதாஞ்சலி ஒரு வாய் எடுத்தாள். ஒரு நொடி மென்றாள்.

"பிரமாதம்டி," என்றாள்.

கேயாதி, "கூப் பாலோ," என்றார். மிக நன்று என்று அர்த்தம். எனக்கு அப்படியே உயிர் வந்தது. அவர்கள் போனபின் சாம்பார்ப் பாத்திரத்தை ஒழித்தேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரிக்கட்டியாகப் பிடித்திருந்தது. நான் அதே சாம்பாரைத்தான் சாப்பிட்டிருந்தேன். உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது. தீய்ந்தது தெரியவில்லை. அவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும்.

மறுமாதம் வத்தக்குழம்பு வைத்தேன். பயத்தில் அன்று நான் மோர் சாதத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கும் பிரமாதம். பொரியலுக்கும் பிரமாதம். ஒரு குறை இல்லை. இத்தனை வருஷத்தில் குறை சொல்லாமல் கீதாஞ்சலி கை கழுவியதே இல்லை. கிளம்பும்போது கேயாதி என் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய தமிழில் சொன்னார்: "வித்யா, நீ ஏன் இவ்ளோ கஷ்டோ பண்றே? நெக்ஸ்ட் டைம் கரியாஹாட்லேர்ந்து ஆர்டர் கொர்போ."

கீதாஞ்சலி வேகமாகத் தலையாட்டினாள். "ஆமாடி, கடைல ஆர்டர் பண்ணிட்டா நீயும் கொஞ்சம் உட்காந்து பேசலாம்ல."

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினேன். பிறகு அடுக்களையில் நின்று அழுதேன். முதலில் கடைச் சாப்பாடு என் வீட்டுக்கு வரும், பிறகு நாங்கள் கடைக்குப் போவோம், பிறகு அதுவும் நின்றுபோகும். அழுகை தீர்ந்ததும் கோபம் வந்தது. துக்கம் கேட்க வந்த வீட்டில்தான் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு போவார்கள். இங்கே என்ன துக்கம்? யார் செத்துப்போனார்கள்?

மறுமாதம் ஆர்டர் ஒன்றும் வேண்டாம், நானே சமைக்கிறேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன். சமைத்தேன். சாமிக்குக் காட்டினேன். அதன்பின் சர்க்கரை டப்பாவை எடுத்து, குவித்து மூன்று கரண்டி, ரசத்தில் போட்டுக் கலக்கினேன். சாமியைச் சோதிக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. மனுஷர்களைச் சோதிக்கலாம்.

அன்று நானே எல்லோருக்கும் டம்ளரில் ரசம் ஊற்றிக் கொடுத்தேன். மூன்று பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கேயாதி குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மஹாதேவன் குடித்துவிட்டு "ம்" என்றார். கீதாஞ்சலி ஒரு மடக்குக் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்கியது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வழக்கம்போலத்தான். சூப்பர்."

"வழக்கம்போலயா? மூணு கரண்டி சர்க்கரை போட்டிருக்கேன், கீதா. பாயசத்துக்குப் போடற மாதிரி போட்டிருக்கேன். அன்னிக்கு சாம்பார் அடிப்பிடிச்சிருந்தது, அதையும் பிரமாதம்னே. நான் என்ன சீக்காளியா, சாகப்போறவளா? நீங்கள்லாம் யாரு எனக்கு? எப்போலேர்ந்து நீங்க விருந்தாளி ஆனேள்?"

என் குரல் தெருவரை கேட்டிருக்கும். கீதாஞ்சலி டம்ளரை வைத்தாள். அவள் முகமும் சிவந்துவிட்டது. வாயில் அவள் எனக்கு இளைத்தவள் இல்லை.

"மூக்கு போச்சுன்னு எங்ககிட்ட நீ சொன்னியா?"

ரசக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டேன்.

"நாங்க பொய் சொன்னோம், சரி. யாருடி முதல்ல சொன்னது? நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு மூணு மாசமா நடிச்சது யாரு? நீ மறைச்சே. நாங்க தெரியாத மாதிரி இருந்தோம். நீ எங்களை விருந்தாளி ஆக்கினதுக்கு அப்புறம்தான் நாங்க விருந்தாளி ஆனோம்."

"யார் சொன்னா உனக்கு?"

அவள் கண் என் கணவர் பக்கம் போயிற்று. மஹாதேவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான்தான். ஜனவரில ஒரு நாள் பால் பொங்கித் தீஞ்சுது. நீ அடுப்புக்கு நேரே நின்னுண்டிருந்தே. என்ன வாசனைன்னு கேட்டேன். பக்கத்தாத்துல ஏதோ தீயறதுன்னே."

"அப்பவே என்கிட்ட கேக்கறதுக்கென்ன?"

"நீயே சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லலை. உன்னைக் கேக்க பயமா இருந்தது." தட்டில் சோற்றைத் தள்ளிக்கொண்டே, "தினம் நீ படுத்துண்டப்புறம் காஸ் அடுப்பை ஒரு தடவை பாத்துட்டுத்தான் படுக்கறேன்," என்றார்.

அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"திரும்பி வரலேன்னா என்ன பண்றது?" என்றேன். அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் சமைக்கலேன்னா நீங்க எதுக்கு வருவேள்?"

கேயாதி காலி டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"ஏக்டு இன்னும் குடு," என்றார். "நான் பொய் சொல்லலே. இத்தனை வருஷத்துக்கு இப்போதான் நீ சரியா ரசம் பண்ணியிருக்கே."

கீதாஞ்சலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, அழுகையோடு சேர்ந்து. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். வேலை செய்யாத மூக்குக்கு ஒழுகமட்டும் தெரிந்தது.

"கேயாதி குடிக்கட்டும், என்னால முடியாது," என்று கீதாஞ்சலி எழுந்தாள். "கேவலமா இருக்கு. வா, வேற வை. எனக்குப் பசிக்குது."

அடுக்களையில் இருவரும் நின்றோம். நான் புளி கரைத்தேன், தக்காளியை நசுக்கிப் போட்டேன், மிளகும் சீரகமும் பொடித்தேன். அவள் என் தோளை இடித்துக்கொண்டு பாத்திரத்தின்மேல் குனிந்தாள். என் அடுப்பின் முன்னால் இன்னொருத்தி அப்படிக் குனிவதை நான் எந்தக் காலத்திலும் விட்டதில்லை.

"புளி இன்னும் பச்சையா அடிக்குது. கொதிக்கட்டும்," என்றாள். பிறகு, "ஏய், மிளகு பத்தல. கஞ்சத்தனம் பண்ணாத." பிறகு கரண்டியில் எடுத்து ஊதி உறிஞ்சினாள். "உப்பு கம்மி. அன்னிக்கு வத்தக்குழம்புல கூடிப் போச்சுன்னு இன்னிக்கு பயந்து பயந்து போடுறியா?"

"வத்தக்குழம்புல உப்பு ஜாஸ்தியா இருந்ததா?"

"கடல் தண்ணிடி. உசிலியும் பச்சை வாடை. வீட்டுக்குப் போய் ரெண்டு செம்பு தண்ணி குடிச்சேன்."

சுருக்கென்று தைத்தது. என் அடுப்பண்டை நின்றுகொண்டு என்னையே சொல்கிறாளே என்று பழைய கோபம் எட்டிப் பார்த்தது. ஆனால் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. உப்புப் போட்டேன். நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டினேன். அது சடசடத்தது காதில் கேட்டது. கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு அடுப்பை அணைத்தேன். ஆவி என் முகத்தில் சூடாக அடித்தது. நான் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன். சூடு மட்டும்தான் இருந்தது.

"எப்படி இருக்கு, சொல்லு," என்றேன்.

கீதாஞ்சலி மறுபடி குனிந்து நிதானமாக மோந்து பார்த்தாள். குறை தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் தடவையும் மோந்து பார்த்தாள்.

"நீ வைக்கிற ரசம் மாதிரி இருக்கு," என்றாள்.

நான் நம்பினேன். எனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு போய் உட்கார்ந்தேன்.