ஒரு சுருதியின் மேல் நான்கு மாடி

அந்த நான்கு மாடிக் கட்டடம் தூண்களின் மேல் நிற்கவில்லை. மூன்றாம் மாடியில் ஒருவர் பழைய ஆர்கன் ஒன்றில் அழுத்திப் பிடித்திருந்த சுருதியின் மேல் நின்றது. குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு இது தெரியவரச் சில வருடங்கள் ஆயின. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அடுத்தவர்களுக்குப் பார்வை தெரிய வைப்பதிலேயே பொழுது போய்விடும். குடியிருக்கும் கட்டடத்தைப் பார்க்க எங்கே நேரம்?

சுருதிக்குச் சொந்தக்காரரைக் கட்டடம் முழுக்க 'ரீங்காரம்' என்றுதான் அழைத்தார்கள். மூடிப்போன நாடக அரங்கு ஒன்றிலிருந்து பீரோ அகலத்துக்கு ஒரு மின்சார ஆர்கனை வாங்கி, படிக்கட்டுக் கைப்பிடியைப் பெயர்த்து, மூன்றாம் மாடிக்கு ஏற்றியவர் அவர். அதன் கட்டைகளில் இரண்டை அழுத்தி, இடுக்கில் மடித்த அட்டையைச் செருகிவிடுவார். அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு கிட்டாரை மடியில் வைத்து ஒரே ஒரு கம்பியை மீட்டுவார். காலடியில் இருக்கும் சின்னப் பெட்டி அந்த மீட்டலைப் பிடித்துவைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. இதற்குச் சோதனை இசை என்று பெயர். சங்கக் கூட்டங்களில் செயலாளர் பேசுவதும் ஏறக்குறைய இதே முறைதான் என்றாலும் அதை யாரும் சோதனை இசை என்று சொன்னதில்லை. ஒருமுறை சிறிய அரங்கம் ஒன்றில் ரீங்காரம் வாசித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வந்திருந்த ரசிகர்கள் அதன் பிறகும் கண்மூடி அரங்கத்து ஃபிரிட்ஜ் உறுமுவதை ரசித்துக்கொண்டிருந்தார்கள். விமர்சனம் ஃபிரிட்ஜுக்குத்தான் நன்றாக வந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது சங்கீதத்தால் அல்ல. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர்.

சங்கத்தில் புகார் குவிந்தது. தன்னிடம் படிக்கும் பிள்ளைகள் வாய்ப்பாட்டை ஒரே சுருதியில் இழுக்கிறார்கள் என்று முதல் மாடி டியூஷன் டீச்சர் சொன்னார். செயலாளர் தீர்மானம் போட்டு, அதைத் தாமே எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார். ரீங்காரம் தியாகி முகத்தோடு அட்டைகளை உருவினார். சத்தம் நின்றது. கட்டடம் ஒரு முழம் கீழே இறங்கியது.

இடியும் இல்லை, விரிசலும் இல்லை. கனத்த மனிதர் சோபாவில் உட்கார்வதுபோல் நிதானமாக இறங்கியது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் லிஃப்டில் போவதுபோல் இருக்கவே, செயலாளர் கதவைப் பிடித்துக்கொண்டார். ரீங்காரம் பயத்தில் அட்டைகளை மறுபடி செருகினார். கட்டடம் எழுந்து பழைய இடத்துக்கு வந்தது. உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை உருவிச் செருகிப் பார்த்தார்கள்.

"மேல யாரு விளையாடுறது?" என்று முதல் மாடியிலிருந்து டீச்சர் கத்தினார். "அடுப்புல பால் இருக்குங்க, வழியுது."

எஞ்சினியர் ஒருவரை அழைத்துவந்தார்கள். அவர் தூணை விரலால் சுரண்ட, மாவுபோல் கொட்டியது. கட்டியவர் கம்பி போட வேண்டிய இடத்தில் நம்பிக்கையைப் போட்டிருந்தார். இது எதில் நிற்கிறது என்று எஞ்சினியர் கேட்டபோது செயலாளர் மாடியைக் காட்டினார். எஞ்சினியர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "நிறுத்தாம பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார். செயலாளர் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி விற்றுச் சேர்த்தது இரண்டாம் மாடியில் மூன்று அறைகள்தான். மனைவிக்கும் மகளுக்கும் வேறு கூரை கிடையாது.

அதிலிருந்து ரீங்காரத்துக்கு நல்ல காலம். வேளாவேளைக்கு டீ போயிற்று, மெத்தை போயிற்று, மின்சாரம் போனால் ஓட ஜெனரேட்டர் வந்தது. செயலாளர் தளம் சரியாமல் இருக்கிறதா என்று கொத்தனார்கள் பார்க்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கி ஆர்கன் மேல் வைத்தார். அதன் குமிழி நடுவில் நின்றால் அன்றைய இசை நன்று. ஓரம் போனால் சுமார். உலகத்திலேயே நேர்மையான இசை விமர்சகர் அதுதான். சத்தத்தைப் பதிவு செய்து ஓடவிட்டும் பார்த்தார்கள். பதிவுக்குப் பாரம் தாங்கும் தெம்பு இல்லை. கட்டடம் படகுபோல் ஆடி, எல்லாருக்கும் குமட்டியது. ஆளில்லாமல் ஆர்கன் ஓர் இரவைத் தாங்கும். விடிந்ததும் ரீங்காரமே வந்து புதிதாக மீட்ட வேண்டும்.

வருடங்கள் ஓடின. குமிழியைக் காவல் காக்கப் போன செயலாளர் குமிழியை மறந்தார். ஒரே ஒலி என்று நினைத்திருந்ததற்குள் மெல்ல ஓர் அலை எழுவதைக் கேட்டார். அது தொட்டி நிறைவதுபோல் நிறைந்து, வழியப்போகும் இடத்தில் வழியாமல் நின்றது. கடையில் யாருக்காவது கண்ணாடி மாட்டிவிடும்போது அந்த அலைக்காகக் கை தானாகக் காத்திருந்தது. ஒரு நாள் டீயை வைத்துவிட்டு, வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டார்.

"நேத்து சாயங்காலம் வாசிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சு சார். கண்ல தண்ணி வந்துடுச்சு."

ரீங்காரத்தின் முகம் தொங்கிப்போயிற்று. "டீச்சரும் இதையேதான் சொன்னாங்க. எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சுன்னா அது சோதனை இசை இல்ல சார். நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்."

மறுநாள் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் அவருடைய இசை நிசப்தம். அதுதான் அடுத்த கட்டம். அடுத்த கட்டம் இருக்கட்டும், இந்தக் கட்டடம் என்ன ஆவது என்று செயலாளர் கேட்டார். கலைக்கு முன்னால் செங்கல் பெரிதில்லை என்று பதில் வந்தது. தம் தலைக்கு மேலும் அதே செங்கல்தான் என்பது அவர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. செயலாளர் தாமே ஆர்கனில் கை வைத்துப் பார்த்தார். கட்டடம் இடதுபக்கம் சாய்ந்து, டீச்சர் வீட்டு பீரோ வாசல் வரை நடந்து வந்தது.

படிக்கட்டில் ரீங்காரத்தின் மனைவி அவரை மடக்கினார்.

"அண்ணே, அவரைப் பாராட்டினீங்களா?"

"மனசுல பட்டதைச் சொன்னேன் தங்கச்சி."

"நல்ல காரியம் செஞ்சீங்க. கல்யாணமான புதுசுல நானும் ஒரு தடவை சொன்னேன். கிட்டாரைக் கட்டிலுக்கடியில போட்டவருதான், ஒரு வருஷம் எடுக்கல. காது வலிக்குதுன்னு சொன்னேன், மறுநாளே எடுத்துட்டாரு. இன்னிவரைக்கும் வலிக்குதுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நிஜமாவே வலிக்குதா?"

"அது எனக்கும் என் காதுக்கும் உள்ளது. நீங்க போய் ஆகவேண்டியதைப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ரீங்காரம் அட்டைகளை உருவினார். கட்டடம் இறங்கத் தொடங்கியது. செயலாளர் மொத்தக் குடியிருப்பையும் படிக்கட்டில் திரட்டி வைத்திருந்தார். அவர் சைகை காட்டியதும் எல்லோரும் கைதட்டினார்கள். தரைத்தள ஜன்னலில் தெருவின் மண் ஏறி வந்தது, அவர்கள் கைதட்டினார்கள். வாசற்கதவு பாதி மறைந்தது, டீச்சர் நடுங்கிக்கொண்டே விசிலடித்தார். செயலாளர் கதவைத் திறந்து உள்ளே போனார்.

"பிரமாதம் சார். இத்தனை வருஷத்துல இதுதான் டாப். எங்க பொண்ணு இதையே தினமும் கேக்கணும்னு சொல்றா."

ரீங்காரம் திகைத்தார். "நிசப்தமும் பிடிக்குதா?"

"உயிரா இருக்கு சார்."

"அப்போ பழசு?"

செயலாளர் தம் மூன்று அறைகளையும் நினைத்துக்கொண்டார். "அந்த இரைச்சலா? காது கிழியுது சார். அன்னிக்கு மரியாதைக்குப் பொய் சொன்னேன்."

ரீங்காரம் நிம்மதியாக மூச்சு விட்டார். அட்டைகள் கட்டைகளுக்குள் போயின. முதல் மாடிக்காரர்கள் மறுபடி முதல் மாடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதன்பின் சங்கத்தில் வசவு ஒரு பராமரிப்பு வேலை ஆயிற்று. தண்ணீர்த் தொட்டி கழுவ முறை வைத்ததுபோல் திட்டுவதற்கும் முறை வைத்தார்கள். புதிதாகக் குடிவருபவர்களுக்கு மோட்டார் சுவிட்சைக் காட்டிய கையோடு, மூன்றாம் மாடியில் என்ன சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். டீச்சரின் வசவில் நல்ல முன்னேற்றம் இருந்தது. செயலாளர் மட்டும் வாரம் தவறாமல் போய், உள்ளே உட்கார்ந்து, முழுதும் கேட்டுவிட்டு, எழுந்து நின்று திட்டினார். அவருடைய மகள் கல்யாணமாகிப் போனாள். அவருக்கும் ரீங்காரத்துக்கும் தலை வெளுத்தது.

ஒரு மழைக்காலத்து மாலை, இசைக்குள் அந்தத் தொட்டி நிறைந்து, நிறைந்த பின்னும் நிறைந்துகொண்டே இருந்தது. அப்படியொன்றை ரீங்காரம் அதற்கு முன் வாசித்ததில்லை. முடிந்ததா முடியவில்லையா என்று தெரியாத ஓர் இடத்தில் அவர் தலையைத் தூக்கினார்.

"வயசாயிடுச்சு சார். இனிமேலாவது உண்மையைச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. "கேவலம் சார்" என்றார். "இவ்வளவு கேவலமா நீங்க வாசிச்சதே இல்ல."

ரீங்காரம் சின்னப் பையன்போல் சிரித்துவிட்டு இன்னொரு கம்பியை மீட்டினார். கட்டடம் ஒரு விரற்கடை உயர்ந்தது. செயலாளர் கீழே இறங்கி வந்தபோது கடைசிப் படிக்கும் தரைக்கும் இடையில் இடைவெளி விழுந்திருந்தது. கொத்தனாரை அழைத்து, அங்கே ஒரு செங்கல் வைத்துப் பூசச் சொன்னார்.